பீலிக்கு மேலே

முதல் ஊரை அவசரப்பட்டு வைத்துவிடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

என் லெப்டொப்பை நீங்கள் எடுத்து வைத்திருப்பதால் இதைச் சொல்கிறேன், சேர். அதைத் திறந்து பார்த்த உங்கள் பொலிஸ்காரர் ஒருவர், "கேம் வெளையாடிக்கிட்டு இருந்திருக்கான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். அவர் நினைக்கிற மாதிரிக் கேம் அல்ல அது. ஓடுவது, சுடுவது எதுவும் அதில் இல்லை. ஒரு பெரிய வரைபடம்; அதன்மேல் முறை வைத்து ஆடுவது. ஒரு சுற்று நான், அடுத்த சுற்று எதிராளி. எதிராளி கணினிதான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அவசரப்படுத்த யாரும் இல்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

தொடங்கும்போது கையில் ஒரு குடியேறிக் கூட்டம் மட்டும் இருக்கும். அவர்களை ஓரிடத்தில் அமர்த்தினால் அது ஊராகிவிடும். அதன்பிறகு அந்த ஊரை நகர்த்த முடியாது. பெரும்பாலானவர்கள் கூட்டம் நிற்கிற இடத்திலேயே ஊரை வைத்துவிட்டு மேலே போவார்கள். நான் நடப்பேன். முதலில் தண்ணீர் பார்ப்பேன். ஆற்றையோ ஊற்றையோ ஒட்டிய ஊர்தான் பெருகும். தண்ணீர் இல்லாத ஊர் எத்தனை கட்டடம் கட்டினாலும் சவலைப்பிள்ளை மாதிரி நிற்கும். பிறகு மேடு பார்ப்பேன். பிறகு இரண்டாவது ஊரும் மூன்றாவது ஊரும் எங்கே வரும், நடுவில் எவ்வளவு வெளி விட வேண்டும் என்று பார்ப்பேன். இதற்கே சில சுற்றுகள் போய்விடும். வரலாற்றில் நான் பின்தங்கித்தான் தொடங்குவேன். ஆனால் என் வரைபடம் அழகாக இருக்கும்.

ஒரு ஆட்டத்தில் எனக்கு அருமையான நிலம் வாய்த்தது. இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் தலைநகர், கிழக்கே சரிவில் ஒன்று, தெற்கே கடலோரம் ஒன்று. மூன்றுக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் நிலம். வேண்டுமென்றேதான் அதை விட்டிருந்தேன். ஒரு சுற்று முடிந்து திரை என்னிடம் திரும்பியபோது அந்த நடு இடத்தில் எதிராளி ஓர் ஊரை வைத்திருந்தான். ஆறு இல்லை, மேடு இல்லை, விளைச்சல் இல்லை. யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத ஊர். வெள்ளை வேட்டியில் யாரோ வெற்றிலை துப்பியது போல இருந்தது.

படை அனுப்பி அழிக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் மற்ற நாடுகள் நம்மை வெறுக்கும். அந்தக் கெட்ட பெயர் கடைசிவரை போகாது. அதைவிட நல்ல வழி உண்டு. அந்த ஊரைத் தொடவே கூடாது. சுற்றியிருக்கும் நிலத்தை மட்டும் ஒவ்வொரு கட்டமாக வாங்கிவிட வேண்டும். அது எதனால் உயிரோடு இருக்கிறதோ அது அதற்குக் கிடைக்காமல் போகும். ஊர் வாடும். கொஞ்ச நாளில் அங்கிருக்கும் மக்களே கலகம் செய்துகொண்டு நம்மிடம் வந்து சேர்வார்கள். வைத்திருக்கிறாயா, இடித்துவிடவா என்று திரை கேட்கும். நான் இடித்தேன். அந்த ஆட்டத்தை அதற்குமேல் ஆடவில்லை. வெல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. புல் முளைத்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

என்னைப் பற்றிக் கேட்டீர்கள். பெயர் நிரோஷன். பொகவந்தலாவைக்கு மேலே ஹார்ட்வெல் தேயிலைத் தோட்டம், கீழ்ப்பிரிவுத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் இல்லை. ஒரே தங்கச்சி, பிரியந்தி.

லயத்தைப் பற்றி வெளியில் இருக்கிறவர்கள் பரிதாபமாகப் பேசுவார்கள். எனக்குப் பரிதாபம் வந்ததில்லை, குமட்டல்தான் வரும். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். வாசலை ஒட்டி ஒரு கான், திறந்த சாக்கடை. முதல் வீட்டுக்காரர் காறித் துப்பியது எல்லா வாசலையும் பார்த்துவிட்டுத்தான் போகும். கோழி எச்சம், ஈர விறகுப் புகை, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரின் இருமல், அந்த இருமலில் சளி எவ்வளவு என்பது வரை தெரியும். சாப்பிடும்போது அந்தச் சத்தம் கேட்டால் நான் தட்டை வைத்துவிடுவேன். "இவனுக்கு மட்டும் என்ன வந்துச்சு" என்பார் அப்பா. எனக்கு என்ன வந்தது என்று அவருக்குத் தெரியாமலே செத்துப்போனார்.

படித்தேன். கட்டட வரைபடத்தில் டிப்ளோமா எடுத்தேன். தோட்டத்து ஆட்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். ஹட்டன் டவுனில் வெள்ளை டைல் போட்ட அறை ஒன்று எடுத்துத் தங்கினேன். சில வருடம் கழித்து எங்கள் தோட்டத்துக்கே வீட்டுத் திட்டம் வந்தது. வரைபடம் வரைய என்னைத்தான் போட்டார்கள். பிறந்த ஊர் என்பதால் ஆட்கள் என் பேச்சைக் கேட்பார்கள் என்று நினைத்தார்கள்.

தேயிலையைப் பிடுங்கிப் போட்டிருந்த மேட்டு நிலம் ஒன்று இருந்தது. நான் அவசரப்படவில்லை. என் கேமில் வரைபடத்தை நாமே உருவாக்கும் வசதி இருக்கிறது. முழுப் பள்ளத்தாக்கையும் அதில் செய்தேன். ஃபெக்டரி, ஓடை, கோயில், பாதை, எல்லாம். மேட்டின் விளிம்பில் பிறைவடிவில் வீடுகள். ஒவ்வொரு வாசலும் பள்ளத்தாக்கைப் பார்த்து. எந்த வீட்டுக் கழிவும் இன்னொரு வீட்டைக் கடந்து போகாது. கீழே லயம் இருக்கும் இடத்தில் லயத்தை எடுத்துவிட்டுப் பசும்புல் மைதானம். அங்கிருந்து ஒரு படிவரிசை மேலே ஏறும். பொறியியலாளர் பார்த்துவிட்டு, "இது போஸ்ட்கார்ட் மாதிரி இருக்கே" என்றார்.

வீடுகள் எழும்பின. பெரும்பாலானவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். ஆறு குடும்பம் போகவில்லை. அதில் ஒரு குடும்பம் என் தங்கச்சியுடையது.

லயம் சரிந்துவிடும், மண் வெடித்திருக்கிறது என்று அவர்களிடம் நான் சொன்னது உண்மையல்ல. அதை இங்கே சரியாகப் பதிந்துகொள்ளுங்கள். எந்த அதிகாரியும் அப்படிச் சொல்லவில்லை. அந்த நிலம் உறுதியானது. நான்தான் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். பேசியவர் வீரய்யா. தனி ஆள், வயதானவர். பிரியந்தியின் அடுப்பில்தான் அவருக்கும் சாப்பாடு.

"தம்பி, வீடு நல்ல வீடுதான். இல்லேங்கல. ஆனா மேல கொழாய்ல வாரத்துக்கு ரெண்டு தடவதான தண்ணி வருது. இங்க பாரு, பீலி. எங்க பாட்டன் காலத்துலருந்து ஒரு நாளு நின்னதில்ல. தண்ணி இருக்கற எடத்த விட்டுட்டு தண்ணி இல்லாத எடத்துக்கு யாராச்சும் போவாங்களா?"

பீலி என்றால் உங்களுக்குத் தெரியும். ஊற்றிலிருந்து வரும் தண்ணீரை மூங்கிலோ தகரமோ வைத்து விழவிடுவது. எங்கள் பீலி லயத்தின் பின்னால் பாறையிடுக்கிலிருந்து விழும். குடிக்க, குளிக்க, மாட்டுக்கு, மரக்கறித் தோட்டத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுதான்.

தங்கச்சி புருஷன் பிரதாப் ஃபெக்டரியில் வேலை. கடைசியில், "அவ வந்தா நான் வர்றேன் மச்சான். அவ சொல்லட்டும்" என்றான். எல்லாரும் பிரியந்தியைப் பார்த்தார்கள். அவள் அப்போது உண்டாகியிருந்தாள். வயிறு லேசாகத் தெரிந்தது.

"புள்ள பொறக்கட்டும்ண்ணே," என்றாள். "பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு தண்ணிக்கு அலைய முடியாது. கொழாய் ஒழுங்கா வரட்டும், மொத ஆளா நான் வர்றேன்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அத்துடன் பேச்சு முடிந்தது.

அவர்கள் சொன்னது சரி. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. முதலில் தண்ணீர் என்பது என்னுடைய விதி. அதைக் காறித் துப்பிக்கொண்டே ஒரு கிழவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். மேலே வந்து நின்று பார்த்தேன். பிறையின் எந்த வாசலில் நின்றாலும் அந்தத் தகரக் கூரைதான் கண்ணில் குத்தியது. ஆறு அடுப்புப் புகை. துருப்பிடித்த தகரம். பாதி காலியான லயம் முழு லயத்தைவிட அசிங்கம். பல் விழுந்த வாய் மாதிரி.

அவர்களைப் பலவந்தமாக வெளியேற்றலாம். தொழிற்சங்கம் வரும், பத்திரிகை வரும், கெட்ட பெயர் வரும். நான் அப்படிப்பட்டவன் அல்ல.

அந்தச் சமயத்தில் பொது மண்டபம் கட்ட வெளியூர் வேலையாட்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கூடாரமும் மலசலகூடமும் போட வேண்டும். இடம் குறிப்பது என் வேலை. பீலி ஊற்றுக்கு நேர் மேலே, சரிவில், குறித்தேன். மேசன் வேலைக்குத் தலைவர் கந்தப்பன். அவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வந்து குச்சி நட்டிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சேர், இதுக்கு நேர் கீழதான பீலி ஊத்து?"

"தெரியும் பாஸ். அளந்து பார்த்துத்தான் போட்டிருக்கேன்."

"இல்ல சேர், மழ காலம். அந்தப் பக்கம் தோண்டினா என்ன?"

"அந்தப் பக்கம் பாறை. இங்கயே தோண்டுங்க."

அந்தப் பக்கம் பாறை இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் வரைபடம் என் கையில் இருந்தது. தோண்டினார்கள். உள்ளே கல் கட்டவில்லை, சீமெந்து பூசவில்லை. தற்காலிகக் குழிதானே என்றேன்.

நான் அப்போது எதிர்பார்த்தது இவ்வளவுதான்: தண்ணீரில் வாடை வரும், அவர்கள் முகம் சுளிப்பார்கள், மேலே வருவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது. மனிதர்கள் நாறுகிற இடத்தில் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த லயத்தில் பிறந்த நானே அப்படி நினைத்தது தவறுதான்.

மழை பிடித்தது. வாடையும் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பீலியின் வாயில் ஒரு பழைய சீலைத் துணியைக் கட்டினார்கள். துணி மஞ்சளாகிப் பிறகு கபில நிறமானது. அதைக் கழற்றிக் கல்லில் அடித்துத் துவைத்து மறுபடியும் கட்டினார்கள். அந்தத் தண்ணீரில்தான் அந்தத் துணியையும் துவைத்தார்கள். மழைத் தண்ணி கலங்கல்தான், வெயில் வந்தால் தெளிந்துவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குடத்தை நிறைத்து, கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, ஒரு கணம் நின்று, பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். எதையும் சகித்துக்கொள்வது ஒரு நல்ல குணம் என்று யார் சொன்னது என்று தெரியவில்லை. அதைவிட அசிங்கமான குணம் மனிதனிடம் இல்லை.

பிறகு ஒருநாள் கந்தப்பன் பாஸ் என் அலுவலகத்துக்கே வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர், நம்ம ஆளுங்க ரெண்டு பேருக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. சோறு எறங்கல. ஊருக்கு அனுப்பிட்டேன். அந்தக் குழிய மூடிட்டு வேற எடத்துல போடுவோம் சேர். எனக்கு மனசு சரியில்ல."

"மண்டபம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான பாஸ். முடிஞ்சதும் மூடிருவோம்."

அவர் போனபிறகு கைத்தொலைபேசியில் மஞ்சட்காமாலையைப் பற்றி வாசித்தேன். எந்தக் காரியத்தையும் நான் தெரிந்துகொள்ளாமல் செய்வதில்லை.

தோட்டத்துக் கோயிலில் தேர்த் திருவிழா வந்தது. கீழ்ப்பிரிவு முழுக்கக் கோயிலில். கூடாரத்து ஆட்களும் போய்விட்டார்கள். மத்தியானம், நல்ல வெயில். தப்பு மேளச் சத்தம் மலையில் மோதித் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், குழியின் கீழ்ப்பக்க ஓரத்திலிருந்து ஊற்று கசியும் பாறையிடுக்குவரை ஒரு வாய்க்கால் வெட்டினேன். பெரிய வேலை இல்லை. மண் இளகியிருந்தது. குழி நிறைந்திருந்ததால் வெட்டிய உடனேயே வழியத் தொடங்கிவிட்டது. அதன் நிறத்தையோ நாற்றத்தையோ நான் சொல்ல விரும்பவில்லை. என் சப்பாத்தில் பட்டது. அந்தச் சப்பாத்தை அங்கேயே காட்டுக்குள் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஜீப் பாதைவரை நடந்தேன். வாய்க்காலின் மேல் காட்டுச்செடிகளை வெட்டிப் பரப்பியிருந்தேன். அந்த வாய்க்காலைத்தான் பிறகு கண்டுபிடித்தார்கள். அறைக்குப் போய் வெகுநேரம் குளித்தேன். பிறகு ஒரு புதிய ஆட்டம் தொடங்கினேன். அன்றைக்கு நல்ல நிலம் கிடைக்கவில்லை. கலைத்துக் கலைத்துத் தொடங்கிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். ஏன் போனாய் என்று கேட்டீர்கள். அவள் கூப்பிட்டாள். ரொட்டி சுட்டு வைத்திருந்தாள், மாசிச் சம்பலோடு. ஏழு மாதம் நிறைந்திருந்தது. கால் வீங்கியிருந்தது. கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு முதலில் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் பையிலிருந்து என் போத்தலை எடுத்தேன்.

அவள் சிரித்தாள். "டவுன் ஆளாயிட்டீங்கண்ணே. எங்க தண்ணி தொண்டையில எறங்காது."

செம்பை அவளே வாயில் கவிழ்த்துக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. மோவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"நெஞ்செரிச்சல்ண்ணே. சுடுதண்ணி ஒத்துக்க மாட்டேங்குது. பச்சத்தண்ணி குடிச்சாத்தான் அடங்குது."

நான் ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். வாயில் வைக்கவில்லை, அதையும் அந்தத் தண்ணீரில்தானே பிசைந்திருப்பாள். அவள் எதிரே பலகையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். தண்ணியில ஏதோ வாட வருதில்ல? அவரு மழங்கறாரு. வீரய்யா மாமா எல சருகு அழுகிக் கெடக்கும்ங்கறாரு. மத்தவங்க எல்லாம் என்னயத்தான் கேக்கறாங்க. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. குடிக்கலாமா?"

"மேல வீட்டுக்கு வந்திரு. அங்க கொழாய்த் தண்ணி."

"அதக் கேக்கலண்ணே. இதக் குடிக்கலாமான்னு கேக்கறேன்."

வெளியே கோழி ஒன்று கானில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கணக்குக்கு விடை கேட்கும்போதும் அப்படித்தான் பார்ப்பாள். நான் சொல்கிற விடையைச் சரிபார்க்காமல் எழுதிக்கொண்டு போய்விடுவாள்.

"குடிக்கலாம்" என்றேன்.

அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. பக்கத்துக் காம்பராவைப் பார்த்து, "அக்கா, அண்ணே குடிக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்று குரல் கொடுத்தாள்.

நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கூடாது என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பாள். மேலே ஏறிப் பார்ப்பார்கள். குழியை மூடுவார்கள், ஊற்றைக் கழுவுவார்கள், மறுபடியும் பீலி ஓடும், மறுபடியும் அங்கேயே இருப்பார்கள். அவ்வளவு வேலையும் வீணாகிவிடும்.

முதலில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு வீரய்யா படுத்தார். கீழாநெல்லி அரைத்துக் குடித்தார்கள், மோரில் கலந்து. பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். வீரய்யாவும் எழும்பினார், பாதி ஆளாக. பிரியந்திக்குக் கண் மஞ்சளானபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை உண்டானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாளாம். வாந்தி நிற்காமல் போனபிறகு பிரதாப் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். நான் போய்ப் பார்த்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தோல், நகம், கண் எல்லாம் ஒரே மஞ்சள். உடம்பிலிருந்து ஒரு இனிப்பான கெட்ட வாடை வந்தது. நான் வாசல் பக்கமாகவே நின்றுகொண்டேன். பிள்ளை முதலில் போனது. மறுநாள் அவள்.

மேட்டுக்கு மேலே இருக்கும் மயானத்தில்தான் அடக்கினோம். பிள்ளையையும் அவளோடே வைத்தார்கள். பிரதாப் அழவில்லை. குழியின் ஓரத்தில் குந்திக்கொண்டு மண்ணை உருட்டி உருட்டி வைத்துக்கொண்டிருந்தான். "கொழாய் ஒழுங்கா வரட்டும்னு சொன்னாளே மச்சான்," என்றான். எல்லாரும் குனிந்து மண் போட்டுக்கொண்டிருந்தபோது நான் நிமிர்ந்து கீழே பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து அந்தப் பள்ளத்தாக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கேமில் தெரிகிற அதே கோணம். பிறை சரியாக வந்திருந்தது. லயத்தில் ஓர் அடுப்புக்கூடப் புகையவில்லை.

காரியம் முடிந்த கையோடு மிச்ச ஐந்து குடும்பமும் பிரதாப்பும் மேலே வந்துவிட்டார்கள். வீரய்யா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ அப்பவே சொன்ன தம்பி. நாங்கதான் கேக்கல. கேட்டிருந்தா நம்ம புள்ள இருந்திருக்கும்."

அவருடைய கண்ணீரும் மூக்குச்சளியும் என் மணிக்கட்டில் விழுந்தன. நான் கையை எடுக்கவில்லை. மரியாதைக்காக. அவர் போனபிறகுதான் கழுவினேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஊற்றைத் தேடி ஏறியதும், வாய்க்காலைக் கண்டதும், கந்தப்பன் பாஸை நீங்கள் கூட்டிக்கொண்டு வந்ததும் எல்லாம் அதன்பிறகு. அவர்தான் குழியை அங்கே தோண்டினார், நிறைந்ததும் ஆட்களை வைத்து வாய்க்கால் வெட்டி வழியவிட்டார், கவனக்குறைவு, என்று எழுதியிருக்கிறீர்களாம். அவர் மறுத்தும் பேசவில்லையாம். "நான் கண்டிப்பா சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். அதைக் கேள்விப்பட்டதும் நானாகவே புறப்பட்டு வந்தேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நேர்மை வேண்டும், சேர். கந்தப்பன் பாஸ் நல்ல மனிதர், நல்ல மேசன். ஆனால் இடம் பார்க்கத் தெரியாது. அந்தச் சரிவு முழுவதிலும் பீலி ஊற்றுக்கு நேரே போய் இறங்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அதை நான் மழையில் நடந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். அதைக் கவனக்குறைவு என்று எழுதுவது பிழை. அங்கே எதுவும் கவனமில்லாமல் வைக்கப்படவில்லை.

கர்ப்பிணிகளைப் பற்றி எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். இவ்வளவு நேரம் அந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் சுற்றி வந்தீர்கள் என்று நினைக்கிறேன். தெரியும். பாஸ் அந்த இரண்டு ஆட்களைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே வாசித்தேன். தண்ணீரில் வரும் அந்த வகைக் காமாலை மற்றவர்களைப் படுக்கவைத்து எழுப்பிவிடும். மாதம் ஏறிய கர்ப்பிணிகளைத்தான் அதிகம் கொண்டுபோகும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதை வாசித்த பிறகுதான் மண்வெட்டியை எடுத்தேன். லயத்தில் மாதம் ஏறியவள் ஒருத்திதான். அவள் இருக்கும்வரை பிரதாப் அசையமாட்டான். பிரதாப் அசையாமல் மற்றவர்கள் அசையமாட்டார்கள். வீரய்யாவுக்கு அவள் அடுப்பை விட்டால் சோறில்லை. எல்லாம் அவளில் கட்டியிருந்தது.

ஆனால் அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை. பிறையில் பதினோராவது வீட்டை அவளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன், யார் கேட்டும் கொடுக்கவில்லை. காலை வெயில் முதலில் விழுவது அந்த வாசலில்தான். வீட்டுக் கதவின் திறப்பைக்கூட அவள் கையில் கொடுத்துப் பார்த்தேன். அவள் வந்திருக்கலாம்.